கரிசலாங்கண்ணி எண்ணெய்

நான் ஒரு முட்டாள். அடக்கத்தினால் இப்படிச் சொல்லவில்லை. அடக்கம் என்பது கொஞ்சமாவது அறிவு உள்ளவர்கள் செய்கிற காரியம். உச்சந்தலை முழுக்க வெறுந்தரையாகிப் போன பிறகும், இன்னும் இரண்டு வருடத்தில் முடி முளைத்துவிடும் என்று பன்னிரண்டு வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தவன் நான். அதுகூடப் பரவாயில்லை. அந்த நம்பிக்கையால் கெட்டது என் ஒருவன் தலைதான். நான் அதோடு நிறுத்தவில்லை. முடி மாத்திரையை விழுங்கப் பயந்து, அதைப் பொடி செய்து, வீட்டில் எல்லோரும் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயில் கலந்து வைத்தேன். அந்த எண்ணெயை என் மகளும் தேய்த்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம்.

சிரிக்க வைத்தே பழகிய வாய் என்னுடையது. இதையும் சிரிப்பாகச் சொல்ல முயன்று பார்த்தேன். முடிகிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள்.

திருத்தணி மலையடிவாரத்தில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ. பாஸ்போர்ட் சைஸ், ஜெராக்ஸ், லேமினேஷன், பேனர் டிசைன். ஆனால் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது டச்சப். ஊரில் பெண் பார்க்கப் புறப்படுகிற எந்தப் பையனின் போட்டோவும் என் கம்ப்யூட்டரில் ஏறி இறங்கித்தான் போகும். மேலே ஏறின நெற்றியைக் கீழே இறக்குவேன். வகிட்டில் ரோடு விழுந்திருந்தால் மூடிவிடுவேன். கண்ணீர் அஞ்சலி போட்டோக்களுக்கும் முடி நடுவேன். ஒருமுறை அப்படி நட்டுக் கொடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு, செத்துப்போனவரின் மனைவியே, "இது யாருங்க?" என்று கேட்டுவிட்டார். ஊருக்கெல்லாம் முடி நட்டவன் தலையில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை.

இந்த ஊரில் வழுக்கையோடு வாழ்வது தனி அவஸ்தை. பக்தர்கள் நன்றாக அடர்ந்த முடியை மலைமேல் முருகனுக்குக் கொடுத்துவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு என் கடைவாசலில் நின்று கரும்புச்சாறு குடிப்பார்கள். மூன்று மாதத்தில் வந்துவிடும் என்கிற அலட்சியம் அந்த முகங்களில் இருக்கும். நான் உள்ளே உட்கார்ந்து வயிறெரிவேன்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குடை விளக்கின் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து, டைமரைப் போட்டு, கேமராவுக்குத் தலை குனிந்து காட்டுவேன். என் உச்சந்தலையின் நூற்றுச் சொச்சம் படங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. மனைவி திறந்து பார்த்துவிடக் கூடாதென்று அந்த ஃபோல்டருக்கு 'கரண்ட் பில்' என்று பேர் வைத்திருந்தேன். வரிசையாக ஓடவிட்டால் ஏரி வற்றுவது போலத் தெரியும்.

செல்போனில் எங்களுக்கு ஒரு குழு இருந்தது. என்னைப் போன்ற வழுக்கையர்கள். எங்கேயோ ஒரு நாட்டில் எலிக்கு முடி வளர வைத்துவிட்டார்களாம், தூங்குகிற வேரைத் தட்டி எழுப்புகிற ஊசி தயாராகிறதாம், ஒரு வேரிலிருந்து நூறு வேர் எடுத்து நடுவார்களாம் என்று தினமும் சேதி வரும். எப்போது கடைக்கு வரும் என்று கேட்டால், இன்னும் இரண்டு வருடம். நான் குழுவில் சேர்ந்தபோதும் இரண்டு வருடம்தான். அந்த இரண்டு வருடத்துக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

அதுவரை என்ன செய்வது? எங்கள் குழுவின் வேதமே ஒரு வரிதான்: வேரைக் காப்பாற்றி வை. வேர் செத்துவிட்டால் நாளைக்கு எந்த மருந்து வந்தாலும் நமக்கில்லை. அதற்குத்தான் அந்த மாத்திரை. தோல் டாக்டர் ஒருவர் எப்போதோ எழுதிக் கொடுத்த சீட்டை லேமினேஷன் செய்து வைத்துக்கொண்டு வருடக்கணக்காக வாங்கினேன். திருத்தணியில் வாங்கினால் மாலைக்குள் ஊர் சிரிக்கும். அதனால் எல்லை தாண்டி ஆந்திராப் பக்கம் பஸ்ஸில் போய் ஒரு மருந்துக்கடையில் வாங்கி வருவேன்.

வாங்கினேனே தவிர விழுங்கவில்லை. அதை விழுங்கினால் ஆண்மை போய்விடும் என்று குழுவில் ஒருவர் எழுதினார். போனது தனக்கே நன்றாகத் தெரியும் என்று இன்னொருவர் எழுதினார். ஐம்பத்து மூன்று வயதில் நான் எதைக் காப்பாற்றப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். பயந்தேன், அவ்வளவுதான். அப்போதுதான் அந்தப் பெரிய யோசனை வந்தது. மாத்திரை போக வேண்டியது தலைக்கு. எதற்கு வயிற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்? நேராகத் தலையிலேயே தேய்த்துவிட்டால்?

என் மனைவி மாதம் ஒருமுறை இரும்புச் சட்டியில் கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சுவாள். அதில் கொஞ்சத்தை ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றி, மாத்திரைகளைக் கையகலக் கல்வத்தில் பொடித்துக் கலந்து, ஸ்டெபிலைசருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஒருநாள் பாட்டிலைக் காணோம். மனைவி சுத்தம் செய்யும்போது கண்டெடுத்து, எண்ணெய் வீணாகிறதே என்று சமையலறை அலமாரியில் இருந்த பெரிய பாட்டிலிலேயே திருப்பி ஊற்றிவிட்டாள்.

இங்கேதான் ஒரு நல்ல மனிதன் வாயைத் திறந்திருப்பான். நான் திறக்கவில்லை. திறந்தால் மாத்திரை வெளியே வரும், சிரிப்பாள். அதைவிட மோசம், எனக்கு அது வசதியாகப் போயிற்று. இனி ஒளிக்க வேண்டாம். அடுத்த மாதத்திலிருந்து நேராகப் பெரிய பாட்டிலிலேயே பொடியைப் போட்டுக் குலுக்கினேன். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளுக்கும் முடி கொட்டாமல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெருந்தன்மை வேறு. அவளுக்கு அடர்த்தி கூடினாற்போலத் தெரிந்தது. எனக்கு ஒன்றும் இல்லை.

எங்களுக்கு ஒரே மகள். அம்மையார்குப்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. கல்யாணமாகி நான்காவது வருடம்தான் உண்டானாள். மூன்றாம் மாதம் மசக்கை தாங்காமல் எங்கள் வீட்டுக்கு வந்து பதினாறு நாள் இருந்தாள். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. தறிச் சத்தம் இல்லாத இடமாக இருக்கட்டும் என்று மாப்பிள்ளையே கொண்டுவந்து விட்டுப் போனார்.

உடம்புச் சூடு என்று தீர்மானித்துவிட்டாள் என் மனைவி. தினமும் காலையில் மகளை முற்றத்தில் மணைப்பலகையில் உட்கார வைத்து, உள்ளங்கை நிறைய எண்ணெய் ஊற்றி, உச்சியிலிருந்து பின்கழுத்து வரை அழுத்தித் தேய்ப்பாள். நான் பேப்பர் படித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

"நல்லா ஊத்தி தேய்டி," என்றேன் ஒருநாள். "எண்ணெக்கு இன்னா பஞ்சம்?"

"நைனா, உன் தலைக்கும் கொஞ்சம் தேச்சிக்கறதுதான?" என்றாள் மகள், கண்ணை மூடிக்கொண்டே.

"தேச்சி இன்னா பண்றது? வழுக்கினு ஓடுதே."

மூன்று பேரும் சிரித்தோம். அந்தக் காலை வெயில், அவள் முதுகில் வழிந்த எண்ணெய், அந்தச் சிரிப்பு எல்லாம் எனக்கு இப்போதும் அப்படியே கண்ணில் நிற்கிறது. மறந்து தொலைக்கலாம் என்றால் முடியவில்லை.

பிறகு மசக்கை அடங்கி அவள் அம்மையார்குப்பம் போய்விட்டாள். ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்துப் பிரசவத்துக்கு அழைத்துவர நாள் குறித்தோம். அதற்கு ஒரு வாரம் முன்னால் மாத்திரை வாங்க ஆந்திராப் பக்கம் போனேன். மருந்துக்கடைக்காரர் தெலுங்குக்காரர், என்னோடு தமிழில் பேசுவார். தாத்தா ஆகப்போகிற மிதப்பில் அவருக்கு ஒரு லட்டு கொடுத்தேன்.

"நல்ல விசயம் சார். அம்மாயி, உங்க பொண்ணு, இப்ப எக்கட இருக்குது?"

"அடுத்த வாரம் நம்ம வீட்டுக்குத்தான் கூட்டினு வர்றோம்."

அட்டையை உறையில் போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அப்ப இத வூட்ல பத்திரமா மேல வெச்சிடுங்க. அம்மாயி கை படக்கூடாது."

"ஏங்க, முழுங்கினாத்தான?"

"முழு மாத்திரைன்னா தொட்டா ஒண்ணும் ஆகாது சார். ஒடைச்சதோ பொடியோ, வயித்துல புள்ள உள்ளவங்க தொடவே கூடாது. தோலு வழியா போவும். உள்ள பேப்பர்ல எழுதிகினு இருக்குதே, படிக்கலியா?"

படித்ததில்லை. மடித்து மடித்துக் கடுகளவு எழுத்தில் இருக்கிற அந்தக் காகிதத்தை இத்தனை வருடமும் குப்பையில்தான் போட்டிருந்தேன். லட்டு அவர் மேசையிலேயே இருந்தது. பஸ்ஸில் எப்படி வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. நேராகக் கடைக்குப் போய் அந்தக் காகிதத்தை ஸ்கேனரில் வைத்துப் பெரிதாக்கினேன். செத்தவர்களின் போட்டோவில் முடி முடியாக நடுவதற்காக எவ்வளவு பெரிதாக்குவேனோ அவ்வளவு. திரை முழுக்க ஒரே வாக்கியம் நின்றது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையாளக் கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் உறுப்பு சரியாக உருவாகாமல் போகலாம்.

நான்கு முறை படித்தேன். எழுத்து மாறவில்லை. மாற்றுவது எனக்குக் கைவந்த தொழில். அன்றைக்கு அது எதற்கும் உதவவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவி குளிக்கிற நேரத்தில் பெரிய பாட்டிலையும் கல்வத்தையும் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். எங்கே கொட்டுவது? சாக்கடை ஓரம் நின்றேன். எதிர்வீட்டு மருமகள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முழுகாமல் இருக்கிறாளோ என்னமோ! அந்தத் தெருவில் யார் யார் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அந்தப் பாட்டிலோடு நடந்தேன். கடைசியில் கடைக்குப் பின்னால் குழி தோண்டி இரண்டையும் புதைத்தேன். கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். பிசுக்கு போகாதது போலவே இருந்தது. நான்காவது தடவையும் கழுவினேன்.

"எண்ணெ பாட்டிலு எங்க?" என்றாள் மனைவி சாயங்காலம்.

எங்கள் வீடு மலையை ஒட்டி இருக்கிறது. கதவு திறந்திருந்தால் குரங்கு நுழையும்.

"கொரங்கு தூக்கினு போயிடுச்சி."

"கொரங்குக்கு இன்னாத்துக்குய்யா எண்ணெ?"

"அதுக்கும் கொட்டுதோ இன்னாவோ."

"கல்வத்தையும் காணமே? பாப்பா கொழந்தைக்கு வசம்பு எழைக்கறதுக்குன்னு பத்திரமா வெச்சிருந்தேன்."

அந்தக் கல்லில்தான் நான் மாதாமாதம் மாத்திரை பொடித்தேன். அந்தக் கல்லில்தான் அவள் பிறக்கப்போகிற குழந்தையின் நாக்கில் தடவ வசம்பு இழைக்கப் பார்த்தாள்.

"ரெண்டு கொரங்கு வந்துச்சி," என்றேன்.

மறுநாள் பிரசவம் பார்க்கப்போகிற அம்மா டாக்டரிடம் தனியாகப் போனேன். மசக்கையில் மகளை அவரிடம்தான் காட்டியிருந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டே கேட்டார்.

"எந்த மாசம்?"

"இப்ப ஏழு நடக்குதுங்க."

"அது இல்ல. எண்ணெ தேச்சது எந்த மாசம்?"

"மூணாம் மாசம்ங்க. பதினாறு நாளு."

பேனா நின்றது. அதற்குப் பிறகு பல பேர் என்னை எப்படி எப்படியோ பார்த்திருக்கிறார்கள். அந்தப் பேனா நின்ற மாதிரி எதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை.

"அந்த மாசத்துலதான் எல்லாம் உருவாகும்," என்றார். "எண்ணெயில எவ்ளோ கரைஞ்சிது, தோல் வழியா எவ்ளோ போச்சு, யாருக்கும் தெரியாது. ஒண்ணும் ஆகியிருக்காதுன்னுதான் நெனைக்கறேன். ஆனா ஆகலைன்னு இன்னிக்கு நான் சொல்ல மாட்டேன். பொண்ணா இருந்தா இந்தக் கவலையே இல்ல."

"ஸ்கேன்ல பாத்து பொண்ணா பையனான்னு மட்டும்..."

அவர் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது, கேட்பதும் குற்றம். அந்தப் பலகையை டிசைன் செய்து கொடுத்ததே நான்தான். அடியில் சிரிக்கிற பெண் குழந்தைப் படம்கூட என் வேலை.

"ஸ்கேன்ல வித்தியாசமா ஏதாவது தெரிஞ்சா நானே சொல்லுவேன். சின்ன வித்தியாசம்னா அதுல தெரியாது. பொறந்தப்புறம்தான் பாக்கணும். மொதல்ல உங்க பொண்ணுகிட்ட நீங்க சொல்லணும்."

"சொல்றேங்க."

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

வளைகாப்பு நடந்தது. பேனரில் மகளின் முகத்துக்குக் கொஞ்சம் வெளுப்பு ஏற்றி வைத்ததற்கு அவளிடமே வாங்கிக் கட்டிக்கொண்டேன். சம்பந்தியம்மா மகளுக்கு வளையல் பூட்டியபடி வயிற்றைப் பார்த்துச் சொன்னார்: "கூரா நிக்குது பாரு. ஆம்பளப் புள்ளதான். சிங்கக்குட்டி."

"பொண்ணா பொறந்தா இன்னாங்க சம்பந்தி?" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. "பொண்ணுதான் நல்லது. பொண்ணுதான் வேணும்."

கூடியிருந்த பெண்கள் அசந்துபோனார்கள். "இந்தக் காலத்துல இப்டி ஒரு மனுசனா! உங்க நைனா தங்கம்டி," என்று சம்பந்தியம்மா மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். மகள் பெருமையாக என்னைப் பார்த்தாள். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து எல்லாமே எனக்கு ஆண் குழந்தை என்றுதான் சொன்னது. மகள் புளிப்பு கேட்டால், "பையன்தான்." இடக்கையை ஊன்றி எழுந்தால், "பையன்தான்." பக்கத்து வீட்டுக் கிழவர் தூரத்திலிருந்து நடையைப் பார்த்தே, "பேரன்யா உனுக்கு," என்றார்.

ஒருநாள் காலையில் படியேறி மலைக்குப் போனேன். சன்னதியில் நின்று, முருகா, பெண்ணாகக் கொடு என்று கேட்டேன். வேண்டுதல் என்றால் பதிலுக்கு ஏதாவது தர வேண்டுமே. என்னிடம் இருந்தது காதோரத்தில் ஒரு வளையம் முடிதான். அதைத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. அந்த நேரத்திலும், என் பேரக் குழந்தை அந்த நிலையில் இருக்கும்போதும், வேரைக் காப்பாற்றி வை என்று உள்ளே ஒரு நாய் குரைத்தது. அபிஷேகத்துக்குப் பால் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கடவுளிடமே பேரம் பேசியவன் என்று என்னைச் சொன்னால் அது பொய். முடியை வைத்து அந்தப் பேரத்துக்குக்கூட நான் துணியவில்லை.

மகளிடம் சொல்வதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். இரண்டு வருடத்தைப் பன்னிரண்டு வருடமாகத் தள்ளிப் பழகியவனுக்கு நாளை என்பது சுலபம். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் என்னைப் பார்ப்பார், நான் பலகையைப் பார்ப்பேன். ஒன்பதாம் மாதம் அறைக்கதவைத் திறந்து, "இன்னிக்கு நான் சொல்லப் போறேன்," என்றார் என்னிடம் மெதுவாக. பத்து நிமிடம் அவகாசம் கேட்டேன்.

வெளியே பெஞ்சில் மகள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மனைவி ரிப்போர்ட் வாங்கப் பரிசோதனைக்கூடத்துக்குப் போயிருந்தாள்.

"பாப்பா, நைனா ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"இன்னா, மறுபடியும் என் போட்டோவுக்கு பவுடர் போட்டியா?"

"எண்ணெயில மாத்திரை கலந்துட்டேன்."

"எந்த எண்ணெயில?" இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அம்மா காய்ச்சற எண்ணெ. நீ மசக்கைல வந்தப்ப தேச்சியே, அதான். முடி மொளைக்கற மாத்திரை. வயித்துல பையன் இருந்தா அது..." மிச்சத்தையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவள் முதலில் தன் தலையைத் தொட்டாள். பிறகு அதே கையை வயிற்றில் வைக்கப் போனவள், வைக்காமல், அப்படியே நடுவில் நிறுத்திக்கொண்டாள்.

"தெரிஞ்சி எத்தினி நாளாச்சி?"

"ரெண்டு மாசம்."

எண்ணெயைக்கூட அவள் பொறுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். அந்த இரண்டு மாதம்தான் அவள் முகத்தை மூடியது. பெஞ்சைப் பிடித்து எழுந்தாள். கை கொடுக்கப் போனேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனாள்.

அதன்பிறகு என்னோடு பேசவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை, மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. திட்டியிருந்தால், அழுதிருந்தால், நான் ஏதாவது கோமாளித்தனம் செய்து காலில் விழுந்திருப்பேன். ஒன்றும் இல்லை. நான் டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தால், எழுந்துபோய் வேறு டம்ளரில் வேறு தண்ணீர் எடுத்துக்கொள்வாள். எண்ணெய் தேய்த்துவிட வந்த அம்மாவிடம், "தலைக்கி ஒண்ணும் வேணாம்மா," என்றாள். பின்னாத தலை வறண்டு முதுகில் கிடந்தது.

"ரெண்டு பேரும் இன்னா சண்டை?" என்றாள் மனைவி.

"கொரங்கு விசயம்," என்றேன். அவள் சிரித்தாள். பாவம்.

வலி எடுத்தது ஒரு காலைநேரத்தில். பிரசவ அறைக்கு வெளியே சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, என் மனைவி, நான். கைபேசி விடாமல் நடுங்கியது. குழுவில் ஒரே கொண்டாட்டம். அந்தப் புது ஊசி சென்னைக்கே வந்துவிட்டதாம், முதலில் பதிகிறவர்களுக்கு முதலில், எல்லோரும் உடனே பேர் கொடுங்கள். பன்னிரண்டு வருடமாக நான் காத்திருந்த சேதி அது. உண்மையோ பொய்யோ தெரியாது. குழுவை விட்டு அந்தக் கணமே வெளியேறினேன் என்று எழுத ஆசைதான். சத்தம் வராமல் மட்டும் செய்து பைக்குள் போட்டேன்.

நர்ஸ் கதவைத் திறந்தார்.

"பையன்."

சம்பந்தியம்மா குலவை போடப் போய் இருமினார். மாப்பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். "தாத்தாவ பாரு, சந்தோசத்துல அழுவுறாரு," என்று யாரோ சொன்னார்கள்.

நர்ஸிடம் போய்க் குரலைத் தாழ்த்தினேன். "சிஸ்டர், எல்லாம் சரியா கீதா?"

"இன்னா சரியா?"

"எல்லாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார்.

"பாத்தேன். பாத்த வரைக்கும் சரியாத்தான் இருக்குது. கொழந்தைங்க டாக்டரும் பாத்தாரு. அவரும் அதேதான் சொல்றாரு. ஆனா மூணு மாசம், ஆறு மாசம், ஒரு வயசுன்னு கூட்டினு வரணும். விட்ரக் கூடாது."

பார்த்த வரைக்கும். அந்த வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். நல்ல சேதிதான். ஆனால் காத்திருப்பதில் எனக்கு அனுபவம் அதிகம். 'வரைக்கும்' என்கிற சொல்லுக்கு அந்தப் பக்கம் என்னவெல்லாம் இருக்கும் என்று தெரியும்.

மூன்றாம் நாள் அறையில் மகளும் குழந்தையும் மட்டும் இருந்தார்கள். மனைவி கஞ்சி வாங்கப் போயிருந்தாள். நான் கதவோரம் நின்றேன். குழந்தைக்குத் தலை நிறைய முடி. கன்னங்கரேலென்று, காதை மூடி, நெற்றியில் வழிந்து. "தாத்தாவுக்கும் சேத்து வாங்கினு வந்துட்டான்," என்று சம்பந்தியம்மா முந்தின நாள் அறை முழுக்கச் சிரிக்க வைத்திருந்தார். மகள் சிரிக்கவில்லை, நானும்தான்.

குழந்தை கையை ஆட்டியது. துணி விலகி, நகம் மட்டும் பெரிதாகத் தெரிகிற அந்தச் சின்னக் கை காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தது. பிறந்ததிலிருந்து எல்லோரும் தூக்கியாயிற்று. மாப்பிள்ளை வீட்டுத் தறிக்காரர்கள்கூடத் தூக்கிவிட்டார்கள். நான் ஒருவன்தான் பாக்கி. வாசற்படியைத் தாண்டி இரண்டடி உள்ளே போனேன். ஏதாவது ஒரு ஜோக் சொல்லலாம் என்று தேடினேன், ஒன்றும் வரவில்லை.

"பாப்பா," என்றேன். "ஒரே ஒரு தடவ நைனாகிட்ட குடேன்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இரண்டு கைகளையும் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"கைய கழுவினு வா."